ஆள் இருந்தால் எரியாத விளக்கு

கண்ணாடிக்காரரிடம் போய் உங்கள் வண்டி பழசாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. ஒருமுறை சொன்னவர்கள் மறுமுறை சொன்னதில்லை. "உன் வண்டி புதுசுதானே? அதுல ஆள் உயரக் கண்ணாடி ஒண்ணை நிறுத்தி, இந்த ரோட்டுல ஓட்டிட்டுப் போய், கீறல் விழாம இறக்கிக் காட்டு. அப்புறம் பேசு" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருடைய பிக்கப்பின் முதுகில் கூடாரம் போலச் சாய்ந்த மரச்சட்டம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் பழைய கம்பளித் துணியை ஒட்டி, அதில் கண்ணாடிகளைச் சாய்த்து, பட்டைக் கயிற்றால் கட்டி எடுத்துப் போவார். ஜன்னல் கண்ணாடி, கடை வாசல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் சரி. அளவெடுப்பதும் அவரே, வெட்டுவதும் அவரே, கொண்டுபோய் மாட்டுவதும் அவரே. அவருடைய பொறுமை மட்டும் கண்ணாடியைவிடச் சீக்கிரம் உடைந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருடைய வண்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. டேஷ்போர்டில், வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கண்ணாடி ஏற்றுகிறவனுக்கு இன்ஜின் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, ஓரங்கட்டிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிரேக் காலை வாரினால் கதை கந்தலாகிவிடும்.

எப்போது எரிய ஆரம்பித்தது என்பதுதான் இதில் விசேஷம். மனைவியை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினாரே, அந்த வழியில். மூளை என்று ஒன்று அன்றைக்கு வேலை செய்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். எங்கே வேலை செய்தது? அது கோபத்தில் அல்லவா இருந்தது!

கோபம் எதற்கு என்கிறீர்களா? கடல் தாண்டி இருக்கும் மகளுக்குப் பிரசவம். அம்மா போகத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. எத்தனை நாள் என்பதில்தான் தகராறு. "குழந்தைக்குத் தலை நிக்கட்டும், வந்துடறேன்" என்றாள் அவள். 'சீக்கிரம் வந்துடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "எப்ப வேணா வா. நீ இல்லன்னா நான் ஒண்ணும் பட்டினி கிடந்து செத்துட மாட்டேன்." அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமான நிலைய வாசல் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பி, "கூப்பிட்டா வந்துடுவேன்" என்றாள். "கூப்பிட மாட்டேன், நிம்மதியா இரு" என்றார் இவர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

பேத்திக்குத் தலை நின்றது. குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். இவர் கூப்பிடவில்லை, அவள் வரவில்லை. வாரத்துக்கு ஒரு போன். சாப்பிட்டீங்களா? ஆச்சு. உடம்பு? நல்லாருக்கு. வேற? வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் முயலே பிடிக்காமல் சாதிக்கிற ரகம்.

முன்புறம் கடை, பின்புறம் வீடு. கடையில் கம்பளி விரித்த நீளமான வெட்டு மேசை. வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு தட்டும் டம்ளரும் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தன. முதலில் நாளுக்கு ஒரு தரம் பேசத் தோன்றும், வாயைத் திறப்பார், யாரும் இல்லை என்று மூடிக்கொள்வார். இப்போதெல்லாம் திறப்பதும் இல்லை. சில நாட்களில் முதல் வாடிக்கையாளர் வந்து 'அண்ணே' என்று கூப்பிடும்போதுதான், அன்றைக்கு முதல்முதலாகத் தன் குரலே அவருக்குக் கேட்கும். அது கரகரவென்று யாருடைய குரலோ போல இருக்கும்.

தொழிலும் சுருங்கிப் போனது. பெரிய கண்ணாடியை ஒற்றை ஆள் தூக்க முடியாது. இந்த முனையில் இவர், அந்த முனையில் அவள், அப்படித்தான் இத்தனை வருஷமும் ஓடியது. பேச்சே வேண்டாம். இவர் "ம்" என்றால் தூக்குவாள், "ம்ம்" என்றால் இறக்குவாள். அவளுக்குப் பதிலாக ஓர் ஆளை வைத்துப் பார்த்தார். அவன் "ம்" என்றதற்கு "என்ன?" என்று கேட்டான். ஒரே நாளில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அப்புறம் பெரிய வேலை கேட்டு வந்தவர்களிடம், "இப்ப சின்னது மட்டும்தான் பண்றேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

வண்டியில் போகும்போதுதான் ரொம்பவும் வெறிச்சென்று இருக்கும். பக்கத்து சீட்டு அவளுடையது. அவள் ஏறி உட்காராமல் அந்த வண்டி கடை வாசலைத் தாண்டியதே இல்லை. கைப்பையை மடியில் வைத்து, ஒரு கையால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிரேக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். எத்தனை தூரமானாலும் அந்தப் பிடியை விடமாட்டாள். "பயந்தாங்கொள்ளி! அதைப் பிடிச்சுக்கிட்டா வண்டி கவிழாதா?" என்று இவர் கிண்டல் பண்ணுவார். "நான் விட்டாத் தெரியும் சேதி" என்பாள். அது ஒரு வழக்கமான பேச்சு. அவர் கேட்பார், அவள் சொல்வாள், அவர் சிரிப்பார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மகளே போன் பண்ணினாள்.

"அப்பா, நான் திரும்ப வேலைக்குப் போகணும். அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருந்தாங்கன்னா எனக்குக் கவலையே இல்ல. அவங்களைக் கேட்டா, அப்பாவைக் கேளுங்கறாங்க. அதுக்கு விசாவை நீட்டிக்க வேற விண்ணப்பம் போடணும்ப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"இதுல கேக்க என்ன இருக்கு, இருக்கட்டும்" என்பது நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வீம்புக்காரர்களுக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் தயாராக இருக்கும். ஏனோ அன்றைக்கு அது வெளியே வரவில்லை. "ஞாயித்துக்கிழமை சொல்றேன் பாப்பா" என்று வைத்துவிட்டார்.

ரெண்டு வருஷம். இருக்கட்டும் என்று சொல்லவும் மனம் இல்லை, வா என்று சொல்லவும் வாய் இல்லை. இரண்டும் கெட்டான் நிலைமையில் மனிதன் என்ன செய்வான்? கைக்கு எட்டிய வேறு ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். அவர் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

அதுவரைக்கும் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார், பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கதைதான். டேப்பின் ஓரத்தில் சிவப்பு கசிந்துகொண்டேதான் இருந்தது. அன்று டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்தார்.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. ஆயில் குறைந்தால் விளக்கைப் போடும் மிதவை ஒன்று டப்பாவின் மூடியில் இருக்கும், அதன் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. ஆக, கோளாறு அங்கே இல்லை. முன் சக்கரங்களைக் கழற்றினார், பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் இருந்தன. பின் சக்கரங்களிலும் குறை இல்லை. குழாய்களைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. பெடலை மிதித்தால் கல்லைப் போல நின்றது. பிறகு ஏன் எரிகிறது சனியன்?

ஒருவேளை குழாய்க்குள் காற்று புகுந்திருக்குமோ என்று கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்குக் கீழே படுத்து, காற்று போகிற திருகுக் குமிழைத் தளர்த்த வேண்டும். மிதி, பிடி, விடு என்று குரல் கொடுத்துக்கொண்டே செய்கிற வேலை. இவர் என்ன செய்தார்? ஒரு மரச்சட்டத்தை அளந்து வெட்டி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே போய்ப் படுத்தார். பழக்க தோஷம், "பிடிச்சுக்கோ" என்று வேறு குரல் கொடுத்தார். குமிழைத் தளர்த்தியதும் பெடல் இறங்கியது, சட்டம் நழுவி விழுந்தது, ஆயில் முகத்தில் பீய்ச்சியடித்தது. குமிழை இறுக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தோன்றியதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது என்பதை மறைப்பானேன்? வந்தது.

மறுநாள் நெட்டையிடம் வண்டியைக் கொண்டுபோனார். நெட்டை என்பது அவர் போகும் ஒர்க்ஷாப்பின் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். அவன் நின்றால் தகரக் கூரையில் தலை இடிக்கும். கைத்திறமைக்குக் குறைவில்லை, வாய்த்திறமை அதற்கும் ஒரு படி மேல்.

"ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே ஓட்டறீங்களாண்ணே?" என்று கேட்டான்.

"அதை நான் தொடறதே இல்ல. கியர்ல நிறுத்தி, டயருக்குக் கல்லை வைக்கிற ஆளு நான். ஹேண்ட் பிரேக்கை நம்பிக் கண்ணாடி வண்டியை நிறுத்துவானா எவனாவது?"

அந்தக் காலத்து வண்டி ஆனதால் ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே, பக்கத்து சீட்டு ஓரமாக, குடைக் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் பிடிக்கும், முறுக்கித் தள்ளினால் விடும். நெட்டை எட்டி அதை ஒரு முறை இழுத்தான், முறுக்கி ஓங்கி உள்ளே தள்ளினான். விளக்கு பட்டென்று அணைந்தது. மறுபடி இழுத்தான், எரிந்தது. தள்ளினான், அணைந்தது.

"சுவிட்ச் நல்லாத்தான் வேலை செய்யுது. எங்கயோ ஒயர்ல தூசி. அதான் இப்ப அணைஞ்சுடுச்சே, போங்க" என்றான். "சில வண்டிங்க அப்படித்தாண்ணே. டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிடும்."

காய்ச்சல் கடைத்தெரு முனை வரைக்கும்தான் ஓடியிருந்தது. அங்கே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நாலு குலுக்கு குலுங்கியதும் சிவப்பு மறுபடி எரிந்தது. கண்ணாடிக்காரர் வாயில் வந்ததையெல்லாம் எழுதினால் அச்சுக்கு ஆகாது. வண்டியை அப்படியே திருப்பினார்.

"எங்க எரியுது, காட்டுங்க" என்று நெட்டை பக்கத்து சீட்டில் ஏறி, நீண்ட கால்களை மடக்கித் திணித்து உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், தோண்டிப் போட்ட இடத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினார்கள். எரியவே இல்லை. அவனை இறக்கிவிட்டுத் தனியாகப் புறப்பட்டார். அதே முனை, அதே குலுக்கல். எரிந்தது.

இந்தக் கூத்து மூன்றாவது முறையும் நடந்தபோது நெட்டைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, எனக்குப் புரிஞ்சுடுச்சு. வண்டியில ஒரு குறையும் இல்ல. அதுக்குத் தனியாப் போகப் பயம். பேச்சுத் துணைக்கு ஆள் கேக்குது!"

"வேலையைப் பாருடா! சும்மா பல்லைக் காட்டிக்கிட்டு..." என்று கண்ணாடிக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நெட்டையின் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவன் வண்டியைத்தான் சொன்னான். இவருக்குத்தான் அது வேறு எங்கேயோ போய்த் தைத்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தார். ஆள் உட்கார்ந்தால் அணைகிறது என்றால் சீட்டுக்கு அடியில் ஒயர் ஏதாவது நசுங்குகிறதா? மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி அவள் இடத்தில் உட்கார வைத்து, கயிற்றால் கட்டி ஓட்டிப் பார்த்தார். சிவப்பு எரிந்தது. மணல் மூட்டையோடு ஊர்வலம் போகிறவரைத் தெருவே பார்த்தது. பரவாயில்லை, பக்கத்தில் ஒன்று இருந்தது என்று அவருக்கே ஒரு நினைப்பு ஓடியதும், வெட்கமாகப் போய்விட்டது. மூட்டையை இறக்கிப் போட்டார்.

சனிக்கிழமை காலையில் மறுபடி ஒர்க்ஷாப்பில் போய் நின்றார். "நேத்துக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார். அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்ததில் நெட்டைக்கு மயக்கமே வந்துவிடும் போல இருந்தது.

"விடுங்கண்ணே. அண்ணி இல்லாம நீங்க ஒரு மாதிரி ஆயிட்டீங்க. ஊருக்கே தெரியும்" என்றான்.

இவர் வண்டியின் பின்புறத்தைத் தட்டிக் காட்டினார். "நீ பின்னாடி ஏறி நில்லு" என்றார்.

நெட்டையைப் பின்னால் மரச்சட்டத்தோடு நிற்க வைத்து ஓட்டினார். எரிந்தது. முன்னால் வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான், அணைந்தது. சரி, ஏதோ இருக்கிறது என்று இருவருக்கும் உறைத்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டே விளக்கையே பார்த்துக்கொண்டு போனார்கள். தோண்டிப் போட்ட இடம் தாண்டியதும் நெட்டையின் போன் அடித்தது. அதை எடுப்பதற்காக உடம்பைத் திருப்பிக் காலை நீட்டினான். விளக்கு எரிந்தது.

"ஆடாத!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். வண்டியை ஓரங்கட்டினார். "முன்ன எப்படி உக்காந்திருந்த? அப்படியே உக்காரு."

அவன் கால்களை மடக்கினான். முழங்கால் கைப்பிடியில் போய் முட்டியது. விளக்கு அணைந்தது.

"எடு."

எடுத்துவிட்டுத் தரையை ஓங்கி நாலு மிதி மிதித்தான். கைப்பிடி தானாக ஒரு விரல் அகலம் வெளியே நழுவியது. எரிந்தது.

"வை."

அணைந்தது.

"அட!" என்றான் நெட்டை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தான். "கைப்பிடியை உள்ள இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் உடைஞ்சு தொங்குது. பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. கைப்பிடி குலுக்கல்ல கொஞ்சம் வெளிய வருது, சுவிட்ச் விட்டுப்போகுது, லைட் எரியுது. இவ்வளவுதாண்ணே! கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

"எப்ப உடைஞ்சிருக்கும்?"

"உடைஞ்ச இடமே துரு ஏறிக் கிடக்கு. பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"இருக்காது. போன வருஷம் வரைக்கும் எரியலையே."

"அப்ப யாராவது அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கணும்" என்றான் நெட்டை, தன் கையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாக.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கைப்பிடியில் டிரைவர் பக்கம் இருந்த பாதியில் கறுப்புச் சாயம் அப்படியே இருந்தது. பக்கத்து சீட்டுப் பக்கம் சாயமே இல்லை. உள்ளங்கை படுகிற அகலத்துக்குத் தேய்ந்து, வெறும் உலோகம் பளபளவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"ஸ்பிரிங் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல மாட்டிடறேன்" என்றான் நெட்டை.

"வேணாம். அப்புறம் வரேன்" என்று அவனைக் கடையில் இறக்கிவிட்டுப் புறப்பட்டார்.

முனை திரும்பியதும் விளக்கு எரிந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து, மற்றக் கையால் கைப்பிடியை அமுக்கினார். அணைந்தது. அமுக்கியபடியே ஓட்டினார். கியர் மாற்றக் கையை எடுத்தால் நழுவியது, மறுபடி அமுக்கினார். அடுத்த திருப்பம் வருவதற்குள் மணிக்கட்டு கடுத்தது, தோள் இழுத்தது. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஊராக வந்தாள். விடிந்து புறப்பட்டுப் பொழுது சாய்ந்து திரும்பிய நாட்கள் எத்தனை! அவள் இறங்கியதும் கையை உதறிக்கொள்வாள், விரல்களை நீவிவிட்டுக்கொள்வாள். அப்புறம் அதே கையால் கண்ணாடியின் அந்த முனையைத் தூக்குவாள். இவர் பார்த்ததுண்டு. ஏன் என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது அவருக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். வழக்கமாக ஏறும் கதவைத் திறக்காமல் சுற்றிப்போய், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் டேஷ்போர்டின் அந்தச் சிவப்பு விளக்குதான் முதலில் கண்ணுக்குப் பட்டது.

மகள்தான் எடுத்தாள். "சொல்லுங்கப்பா. விண்ணப்பம் போட்டுடட்டுமா?"

"அம்மாகிட்ட குடு பாப்பா."

போன் கைமாறியது. "சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஆச்சு" என்றார் பழக்கத்தில். பிறகு, "இல்ல, இன்னும் சாப்பிடல" என்றார்.

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"வண்டியில சிவப்பு லைட் எரியுது."

"எரியத்தான் செய்யும். கைப்பிடியை அமுக்கிப் பிடிக்கணும்ல" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நீங்கதானே பிடிக்கச் சொன்னீங்க. கடை வாசலுக்குப் பெரிய கண்ணாடி ஒண்ணு ஏத்திக்கிட்டுப் போனோம், நடுவழியில லைட் எரிஞ்சுது. அதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடி, போய்ச் சேந்ததும் பாத்துக்கறேன்னீங்க. போய்ச் சேந்ததும் பாக்கல. மறந்துட்டீங்க. விடுன்னும் சொல்லல. நான் பிடிச்சுக்கிட்டேன்."

"இத்தனை வருஷமுமா?"

"வேற என்ன பண்றது? விட்டா லைட் எரியும். லைட் எரிஞ்சா நீங்க கத்துவீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"சொன்னேனே. நான் விட்டாத் தெரியும் சேதின்னு சொல்லுவேன். நீங்க சிரிப்பீங்க."

"தெரிஞ்சுடுச்சு" என்றார் அவர்.

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தனியா இருக்க முடியல. சும்மா வீம்புக்குத்தான் இருந்தேன். வந்துடு" என்றார். "கேக்குதா?"

"கேக்குது." அவள் குரல் கரகரத்திருந்தது. "அன்னைக்கு வாசல்லயே இதைச் சொல்லியிருந்தா என்னவாம்?"

"பாப்பா என்ன பண்ணுவா? வேலைக்குப் போகணுங்கறாளே."

"அவ ஆள் பாத்துக்குவா. அப்பா கூப்பிட்டா நான் கிளம்பிடுவேன்னு முதல்லயே சொல்லி வச்சிருக்கேன். அப்பாவா, அவர் எங்க கூப்பிடப் போறாருன்னு சிரிச்சா. பெத்த பொண்ணுக்கு உங்களைத் தெரியாதா? ஒரு மாசம் பொறுங்க. குழந்தையை ஒருத்தர்கிட்ட பழக்கி விட்டுட்டு வரணும்."

"ஒரு மாசமா?" என்றார் அவர், இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த மனிதர்.

"ஒரு மாசம்தான். போய்ச் சாப்பிடுங்க முதல்ல." போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "என்னங்க, அதை ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

"இல்ல. நீ வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டீங்க போங்க! நாளைக்கே கொண்டுபோய் மாட்டுங்க. எனக்கு மணிக்கட்டு இன்னும் வலிக்குது. இந்தத் தடவை நான் கையைக் கட்டிக்கிட்டு, வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும்."